களை பறிக்கும் கைகள்

நல்ல விதை விதைக்கப்பட்ட வயலில் இரவோடு இரவாகப் பகைவன் களை விதைத்துச் சென்ற உவமையை மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். களையைக் கண்ட பணியாளர்கள் உடனே அதைப் பறித்துவிடத் துடிக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தில் பிழையில்லை, களை களைதான். ஆயினும் வீட்டுத் தலைவர் அவர்களைத் தடுக்கிறார். களையைப் பறிக்கும் கை அதனோடு கோதுமையையும் பறித்துவிடக்கூடும் என்பதே அவருடைய கவலை. இறுதித் தீர்ப்பைப் பற்றிய இவ்வுவமையை மனிதர் இயற்றும் சட்டங்களுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. களவு நடக்கும்போது அறுவடை நாள்வரை பொறுத்திருங்கள் என்று எந்த அரசும் சொல்ல முடியாது. எனினும் அத்தலைவரின் கவலை, சட்டம் இயற்றும் ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய கவலையாகும்.

திரைப்படம், இசை, நூல், கணினி மென்பொருள் ஆகியவற்றை உரியவரின் இசைவின்றி நகலெடுத்துப் பரப்புவதைத் திருட்டுப் பதிப்பு என்கிறோம். முன்பு கடைவீதிகளில் திருட்டு வி.சி.டி.யாக விற்கப்பட்டவை, இன்று இணையத்தின் வழியாக நொடிப்பொழுதில் உலகைச் சுற்றி வருகின்றன. இதைத் தடுக்க நாடுகள் பலவும் சட்டம் இயற்றியுள்ளன; இன்னும் இயற்றி வருகின்றன. அவற்றுள் சில, திருடனைப் பிடிக்கும் முயற்சியில் தெருவையே அடைத்துவிடும் தன்மை கொண்டவையாக இருப்பதைக் காண்கிறோம். இது இணையத்தோடு பிறந்த சிக்கல் போலத் தோன்றலாம். உண்மையில் இதன் வேர் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அவ்வேரைத் தோண்டிப் பார்த்தால், கத்தோலிக்கராகிய நமக்கு நெருங்கிய ஒரு மறைச்சாட்சியின் குருதியும் அங்கே தென்படுகிறது. ஆகவே இவ்வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

உழைப்புக்குரிய கூலி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். திருட்டுப் பதிப்பு களவே. ஏழாம் கட்டளை பொருளைக் காப்பது போலவே உழைப்பையும் காக்கிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். ஒரு நூலை எழுதியவரும், ஒரு பாடலுக்கு இசையமைத்தவரும், படப்பிடிப்புத் தளத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்தவரும் உழைப்பாளிகளே. நம் பங்குகளில் பாடப்படும் பாடல்களுக்குப் பின்னாலும் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது.

திருச்சபையின் சமூகப் போதனையும் இதை ஏற்கிறது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல் தொழிலாளரின் நேரிய ஊதியத்தையும் உடைமை உரிமையையும் ஒருங்கே வலியுறுத்தியது. அதன் நூற்றாண்டு நிறைவில், 1991-இல், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய சுற்றுமடல், நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் திறமையும் இக்காலத்தின் உடைமைகளாகிவிட்டன என்று சுட்டிக்காட்டியது. அதே திருத்தந்தை 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலோ, உடைமை உரிமை எல்லையற்றதன்று என்றும், படைப்புப் பொருள்கள் எல்லாருக்கும் பயன்படவேண்டும் என்ற உரிமைக்கு அது கட்டுப்பட்டது என்றும் தெளிவுபடுத்தினார். இவ்விரண்டு போதனைகளையும் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டுதான் நாம் இவ்வரலாற்றுக்குள் நுழைய வேண்டும். ஒன்றைக் கைவிட்டவர் களவுக்குத் துணைபோவார். மற்றொன்றைக் கைவிட்டவர் அடக்குமுறைக்குத் துணைபோவார்.

ஓர் அரசியின் பட்டயம்

இங்கிலாந்தில் 1557-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், அரசி மேரியும் அவருடைய கணவர் பிலிப்பும் லண்டன் நகரத்து நூல் வணிகருக்கும் அச்சகத்தாருக்கும் ஒரு பட்டயம் வழங்கினர். ‘ஸ்டேஷனர்ஸ் கம்பெனி’ என்னும் அவ்வணிகக் குழுவினரே இனி நாட்டில் அச்சுத்தொழில் செய்யலாம். அரசின் தனி அனுமதி பெற்றவரைத் தவிரப் பிறர் செய்யலாகாது என்பது அதன் சாரம். குழுவின் தலைவரும் மேற்பார்வையாளர்களும் எந்த அச்சகத்திலும் நுழைந்து சோதனையிடலாம். விதியை மீறி அச்சிட்டவற்றைக் கைப்பற்றலாம், எரிக்கலாம். எதிர்த்தவரை மூன்று மாதம் சிறையில் இடலாம். தண்டத்தொகையில் பாதி அரசுக்கு, மறுபாதி குழுவுக்கு.

அரசி மேரி கத்தோலிக்கர். தந்தை எட்டாம் ஹென்றியின் காலத்தில் உரோமையிலிருந்து பிரிக்கப்பட்ட நாட்டை மீண்டும் பழைய நம்பிக்கையோடு இணைக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். பிரிவினைக் கொள்கையாரின் நூல்கள் பெருகுவதைத் தடுப்பதே அவருடைய நோக்கம் என்பதைப் பட்டயத்தின் முகவுரையே சொல்கிறது. வணிகருடைய நோக்கம் வேறு. தாம் அச்சிட்ட நூலை வேறொருவர் மறுபதிப்புச் செய்து விற்பதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். குழுவின் பதிவேட்டில் ஒரு நூலின் பெயரை எவர் பதிந்தாரோ அவருக்கே அதை அச்சிடும் உரிமை என்ற வழக்கம் வலுப்பெற்றது. நூலை எழுதியவருக்கு அப்பதிவேட்டில் இடமில்லை.

இவ்வாறு அரசும் வணிகமும் ஒரே கட்டிலில் அமர்ந்தன. அரசுக்குத் தணிக்கை வேண்டும். வணிகருக்குத் தனியுரிமை வேண்டும். கள்ளப் பதிப்பைத் தேடிச் செல்லும் கண்களே அரசுக்கு ஆகாத நூலையும் தேடிக் கண்டுபிடித்தன. இன்று நாம் பதிப்புரிமை என்று போற்றும் உரிமையும், தணிக்கை என்று அஞ்சும் அதிகாரமும் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்தன என்பதை மறந்துவிடலாகாது.

பட்டயம் தந்த மறு ஆண்டே, 1558 நவம்பரில், அரசி மேரி இறந்தார். அரியணை ஏறிய எலிசபெத் நாட்டை மீண்டும் உரோமையிலிருந்து பிரித்தார். ஆனால் தமக்கையின் பட்டயத்தை அவர் கிழித்தெறியவில்லை. 1559-இல் அதை உறுதிப்படுத்தினார். கத்தோலிக்க அரசி தம் எதிரிகளுக்காகச் செய்த பூட்டு, ஓர் எழுத்தும் மாறாமல், இப்போது கத்தோலிக்கரின் வாயிலில் தொங்கியது.

அச்சகத்தார் ஒருவரின் சாட்சியம்

1557-ஆம் ஆண்டுப் பட்டயம் பெயர் குறிப்பிட்டு நியமித்த மேற்பார்வையாளர் இருவருள் ஜான் காவுட் என்பவர் ஒருவர். அரசி மேரியின் அச்சகத்தாராக விளங்கியவர். அவரிடம் 1563-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவர் காணிக்கையாக்கப்பட்ட திருநாளில், வில்லியம் கார்ட்டர் என்னும் இளைஞர் பத்தாண்டுத் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தார். தொழில் கற்றபின் அவர், நம்பிக்கைக்காகச் சிறையிலிருந்த நிக்கோலாஸ் ஹார்ப்ஸ்ஃபீல்டு என்னும் கத்தோலிக்கக் குருவுக்கு எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் லண்டனில் மறைவாக ஓர் அச்சகம் நிறுவிக் கத்தோலிக்க நூல்களை அச்சிட்டார். மறைவாக ஏன் அச்சிட வேண்டும்? அனுமதி பெற்ற எந்த அச்சகமும் அந்நூல்களைத் தொட முடியாது என்பதால்தான். அரசின் கண்ணுக்கு அவர் உரிமமற்ற கள்ள அச்சகத்தார். அந்நாட்டுக் கத்தோலிக்கருக்கோ ஆன்ம உணவைப் பகிர்ந்தளித்தவர்.

அவர் மட்டுமல்லர். புனித எட்மண்ட் கேம்பியன் இலத்தீனில் எழுதிய பத்துக் காரணங்கள் என்னும் சிறு நூல், 1581-இல் ஸ்டோனர் மாளிகையில் மறைத்துவைக்கப்பட்ட அச்சு எந்திரத்தில் உருவாகி, ஆக்ஸ்ஃபோர்டின் புனித மரியா ஆலய இருக்கைகளில் வைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே கேம்பியன் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு கார்ட்டர் பிடிபட்டார். லண்டன் கோபுரச் சிறையில் வதைக்கப்பட்டார். அவர் அச்சிட்ட நூல்களுள் ஒன்று கிரகோரி மார்ட்டின் எழுதியது. கத்தோலிக்கர் அரசுச் சபையின் வழிபாடுகளில் பங்கேற்கலாகாது என்று அறிவுறுத்துவது. அதில் ஒலோபெரினைக் கொன்ற யூதித்தைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. எலிசபெத் அரசியைக் கொல்லத் தூண்டுவதே அக்குறிப்பின் நோக்கம் என்று அரசுத் தரப்பு வாதித்தது. அதற்கு அப்பொருள் இல்லை என்று கார்ட்டர் மறுத்தது எடுபடவில்லை. 1584 சனவரி 10-ஆம் நாள் வழக்கு. 11-ஆம் நாள் டைபர்னில் மரணம். 1987 நவம்பர் 22 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவரை முத்திப்பேறு பெற்றவர் நிலைக்கு உயர்த்தினார்.

கார்ட்டரைக் கொன்றது அரசத்துரோகச் சட்டமேயன்றிப் பதிப்புரிமை விதியன்று. ஆனால் அவரை ஒளிந்து வாழ வைத்தது அச்சுக் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாட்டுக்கு அடித்தளமிட்ட பட்டயத்தில் அவருடைய ஆசானின் பெயரே இருந்தது. கத்தோலிக்க அரசி, கத்தோலிக்க நம்பிக்கையைக் காப்பதற்கென்று நல்லெண்ணத்தோடு உருவாக்கிய அதிகாரம் அது. அதிகாரத்தை உருவாக்குபவர் அதை யார் மீது பயன்படுத்த வேண்டும் என்று தம் காலத்தில் தீர்மானிக்கலாம். தமக்குப்பின் யார் மீது பாயும் என்று தீர்மானிக்க அவரால் இயலாது. இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

அதே காலத்தில் நம் மொழியும் அச்சேறிக்கொண்டிருந்தது. ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது 1578 அக்டோபர் 20-இல். அச்சு எந்திரத்தைத் திருச்சபை நற்செய்தியின் கருவியாக இங்கே ஏற்றுக்கொண்டது. அதே திருச்சபை 1559-இல் நான்காம் சின்னப்பர் காலத்தில் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலையும் வெளியிட்டது. அப்பட்டியல் பல பதிப்புகள் கண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர் 1966-இல்தான் சட்ட வலிமை இழந்தது. இதையும் நாம் சேர்த்தே நினைவுகூர வேண்டும். அடக்கப்பட்டவர் என்ற நிலையிலும் அடக்கியவர் என்ற நிலையிலும் நின்ற அனுபவம் நம் வரலாற்றில் உண்டு. ஆகவே இச்சிக்கலைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குத் தனிப் பொறுப்பும் உண்டு.

பிரிந்த இரட்டையர்

கார்ட்டர் இறந்த இரண்டாம் ஆண்டில், 1586-இல், இங்கிலாந்தின் நட்சத்திர மண்டப நீதிமன்றம் அச்சுத்தொழிலை மேலும் இறுக்கியது. லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒவ்வோர் அச்சு எந்திரமே இருக்கலாம் என்றது. 1637-இல் மற்றோர் ஆணை வந்தது. 1641-இல் அந்த நீதிமன்றமே ஒழிக்கப்பட்டது. அச்சகத்தார் சிறிது மூச்சு விட்டனர். ஆனால் 1643-இல் நாடாளுமன்றம் தானே முன்தணிக்கையைக் கொண்டுவந்தது. கட்டற்ற அச்சினால் பதிப்புகள் திருடப்படுகின்றன என்று நூல் வணிகர் முறையிட்டதும் அதற்கு ஒரு காரணம். அதை எதிர்த்துக் கவிஞர் ஜான் மில்டன் 1644-இல் ‘அரியோபஜிட்டிக்கா’ என்னும் உரைநூலை, அனுமதி பெறாமலே வெளியிட்டார். எழுத்துரிமைக்காக எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது என்று உலகம் போற்றும் அந்நூலிலும் அவ்வுரிமை கத்தோலிக்கருக்கு இல்லை என்றே மில்டன் எழுதினார். தமக்கு வேண்டிய உரிமையைப் பிறருக்கும் விரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1662-இல் முடியாட்சி மீண்டபின் இயற்றப்பட்ட உரிமச் சட்டம் அரசின் அனுமதியையும் வணிகக் குழுவின் பதிவையும் ஒன்றாகக் கட்டியது. குறித்த காலத்திற்கு இயற்றப்பட்டு, இடையில் சில ஆண்டுகள் வழக்கொழிந்து, மீண்டும் புதுப்பிக்கப்பட்டு வந்த அச்சட்டத்தை 1695-இல் நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. மெய்யியலார் ஜான் லாக் அதற்கு எதிராக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பண்டைய அறிஞர்களின் நூல்களைக்கூட வணிகக் குழு தன் தனியுடைமை ஆக்கிக்கொண்டு, தரமற்ற பதிப்புகளை மிகுந்த விலைக்கு விற்கிறது என்பது அவர் காட்டிய குறைகளுள் ஒன்று. சட்டம் காலாவதியானது. வானம் இடிந்து விழவில்லை. செய்தித்தாள்கள் பெருகின, லண்டனுக்கு வெளியேயும் அச்சகங்கள் எழுந்தன.

வணிகர்கள் பழைய சட்டத்தை மீட்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. பின்னர் அவர்கள் எழுத்தாளரின் பெயரால் பேசத் தொடங்கினர். எழுதியவரும் அவருடைய குடும்பமும் கள்ளப் பதிப்பினால் அழிகின்றனர் என்றனர். அதன் விளைவே 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். அது எழுத்தாளரையே உரிமையின் முதல் உடையவராக ஏற்றது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. அதன் முடிவில் எழுத்தாளர் உயிரோடிருந்தால் இன்னுமொரு 14 ஆண்டு. அதற்குப்பின் நூல் எல்லாருக்கும் பொது. பதிவு செய்த நூலை எவரேனும் திருடிப் பதிப்பித்தால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். முன்னனுமதி கேட்கும் முறையை அச்சட்டம் மீண்டும் கொண்டுவரவில்லை.

இரட்டையர் இங்கே பிரிந்தனர். எழுத்தாளரின் உரிமை வாழ்ந்தது; முன்தணிக்கை மாண்டது. உழைப்பாளியின் கூலியைக் காப்பதற்கு அடக்குமுறை தேவையில்லை என்று 1710-ஆம் ஆண்டே மெய்ப்பித்துவிட்டது. இதுவே இவ்வரலாற்றின் இரண்டாம் பாடம்.

இணையம் வந்தபின்

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. நகலெடுப்பது அச்சகத்தாரின் தொழிலாக இருந்த காலம் போய், கணினி வைத்திருக்கும் எவருக்கும் கைவந்த செயலாயிற்று. 1998 அக்டோபர் 28 அன்று அமெரிக்க அதிபர் கிளின்டன் கையொப்பமிட்ட பதிப்புரிமைச் சட்டம் ஒரு நடுவழியைத் தேடியது. பிறர் இடும் படைப்புகளுக்கு இடம் தரும் நிறுவனம், உரிமையாளரிடமிருந்து புகார் வந்தவுடன் அப்படைப்பை நீக்கிவிட்டால் குற்றப்பொறுப்பிலிருந்து விடுபடும். படைப்பை இட்டவர் மறுப்புத் தெரிவிக்கலாம். உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால் அது மீண்டும் இடம்பெறும். குறைகள் பல இருப்பினும் மறுதரப்புக்கு அங்கே ஒரு வாயில் இருந்தது.

திரைப்பட, இசை நிறுவனங்களுக்கு இது போதவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் கைக்கு எட்டாத அயல்நாட்டுத் தளங்கள் திருட்டையே தொழிலாக நடத்துகின்றன என்று அவை முறையிட்டன. முறையீட்டில் உண்மை இருந்தது. 2011 மே மாதம் செனட் சபையில் பேட்ரிக் லேஹி ‘பிபா’ என்னும் மசோதாவையும், அக்டோபர் 26 அன்று பிரதிநிதிகள் சபையில் லாமர் ஸ்மித் ‘சோபா’ என்னும் மசோதாவையும் முன்வைத்தனர். அவற்றின் வழிமுறைதான் அச்சமூட்டியது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் இருப்பிடத்தைச் சொல்லும் முகவரிப் பதிவேடு ஒன்று இணையத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்ட தளத்தின் பெயரைக் கேட்டால் இருப்பிடத்தைச் சொல்லாதிருக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட மசோதா வழிசெய்தது. தேடுபொறிகளும் அத்தளத்தைக் காட்டலாகாது. சோபாவின் முதல் வடிவிலோ, உரிமையாளர் ஒருவர் புகார்க் கடிதம் அனுப்பிய ஐந்து நாள்களுக்குள், மறுப்பு வராவிடில், கடன் அட்டை நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் அத்தளத்துடன் கொண்ட தொடர்பை அறுத்துவிட வேண்டும். அதற்கு நீதிபதியின் ஆணை தேவையில்லை. ஒரு தளத்தின் சிறு பகுதியில் குற்றம் நடந்தாலும் தளம் முழுவதும் வீழும் நிலை இருந்தது. பிறர் எழுதுவதற்கு இடம் தரும் எந்தத் தளமும் இனி அஞ்சி அஞ்சி ஒவ்வொரு சொல்லையும் முன்தணிக்கை செய்ய வேண்டிவரும் என்று பொறியாளரும் சட்ட அறிஞரும் எச்சரித்தனர்.

அந்த அச்சம் கற்பனையன்று. அதற்கு முன்பே, 2010 நவம்பரில், அமெரிக்க அதிகாரிகள் ஓர் இசைத்தளத்தைத் திருட்டுக் குற்றம் சாட்டிக் கைப்பற்றினர். ஓராண்டுக்கு மேலாகியும் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 2011 டிசம்பரில் தளம் திருப்பித் தரப்பட்டது. குற்றமற்றவராக வெளிவந்தவருக்கு இழந்த ஓராண்டை யார் திருப்பித் தருவார்?

2012 சனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன் பக்கங்களை மூடிக் கறுப்புத் திரையிட்டது. பிற தளங்கள் பலவும் உடன் சேர்ந்தன. அமெரிக்க மக்கள் தம் பிரதிநிதிகளைத் தொலைபேசியிலும் கடிதங்களிலும் முற்றுகையிட்டனர். சனவரி 20 அன்று இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. பின்னர் அவை எழவேயில்லை. அவ்வாண்டு சூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் இதே நோக்கம் கொண்ட பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றை 478-க்கு 39 என்ற வாக்கு வேறுபாட்டில் தள்ளிவிட்டது.

இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றும் கவனிக்கத்தக்கது. விக்கிப்பீடியா திரையிட்ட மறுநாள், 2012 சனவரி 19 அன்று, மெகாஅப்லோடு என்னும் பெரும் கோப்புக் கிடங்கை அமெரிக்க அரசு, அப்போதிருந்த சட்டத்தின் துணையுடனேயே மூடியது. புதிய மசோதா இல்லாமலும் அரசின் கை அயல்நாட்டை எட்டியது. ஆனால் திருட்டுப் படங்களோடு, அங்கே தம் சொந்தக் கோப்புகளை நேர்மையாகச் சேமித்து வைத்திருந்த மக்களின் உடைமையும் பூட்டுக்குள் சிக்கிக்கொண்டது. களையும் கோதுமையும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டன.

நம் வாயிலில்

இவை அயல்நாட்டுக் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2012 மார்ச்சில் ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தபோது, அதன் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி ஒரு தடையாணை பெற்றது. குற்றம் புரியப்போகிறவர் யாரென்று முன்னரே அறிய முடியாத வழக்குகளில், பெயரறியாத எதிர்த்தரப்பினரை ‘அசோக் குமார்’ என்ற பொதுப்பெயரால் குறிப்பது நம் நீதிமன்ற வழக்கம். அவ்வாறு பெறப்பட்ட ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் அவ்வாண்டு மே மாதத்தில், திருட்டுத் தளங்களோடு, உலகெங்கும் மக்கள் தம் சொந்தப் படைப்புகளைப் பகிரும் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையும் முழுமையாக மூடிவிட்டன. சூன் மாதத்தில் நீதிமன்றமே தலையிட்டு, தளம் முழுவதையும் மூடலாகாது. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே மறைக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அத்தெளிவு போற்றத்தக்கது.

எனினும் 2017 ஆகஸ்டில் அதே சிக்கல் மீண்டும் எழுந்தது. இந்தித் திரைப்படங்களைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளின்படி மூடப்பட்ட ஏறத்தாழ 2,650 இணைய முகவரிகளுள் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய நூலகமும் ஒன்று. 1996-இல் தொடங்கப்பட்ட அந்நூலகம் உலகின் பழைய நூல்களையும் மறைந்துபோன இணையப் பக்கங்களையும் காத்து வைத்திருக்கிறது. கடைகளில் கிடைக்காத பழந்தமிழ்ப் பதிப்புகள் பல அங்கே படிக்கக் கிடைக்கின்றன. ஒரு திரைப்படத்தைக் காக்க ஒரு நூலகத்தின் கதவு சாத்தப்பட்டது. சாத்துவதற்கு முன் நூலகத்தாரின் கருத்து கேட்கப்படவில்லை.

நம் சட்டத்தில் நல்வழியும் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், புகார் வந்தால் படைப்பை 21 நாள்களுக்கு நிறுத்திவைக்கலாம் என்றும், அதற்குள் உரிமையாளர் நீதிமன்ற ஆணை பெற்று வராவிடில் அதை மீண்டும் வெளியிடலாம் என்றும் வகுத்தது. புகார் செய்பவர் நீதிபதியின் முன் சென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதில் இருக்கிறது. 2023-இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டு, திருட்டுப் பதிவுக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடுவண் அரசு 12 அலுவலர்களை நியமித்து, அவர்கள் ஆணையிட்டால் திருட்டுப் படத்தின் இணைப்பை 48 மணி நேரத்தில் நீக்கவேண்டும் என்று அறிவித்தது. விரைவு வேண்டியதே. படம் வெளிவந்த முதல் வாரத்திலேயே அதன் வருவாயில் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது என்பதை நாம் அறிவோம். ஆயினும் நீதிபதியின் கையிலிருந்த பூட்டு அலுவலரின் கைக்கு மாறும்போது, அதைக் கண்காணிக்க வேண்டிய கடமை குடிமக்களாகிய நமக்குக் கூடுகிறது.

நிக்கதேமின் கேள்வி

யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், இயேசுவைப் பிடித்துவரச் சென்ற காவலர் வெறுங்கையோடு திரும்புகின்றனர். தலைமைக் குருக்களும் பரிசேயரும் கொதிக்கின்றனர். அவ்வேளையில் நிக்கதேம் எழுந்து, ஒருவரது வாக்குமூலத்தைக் கேளாமலும் அவர் செய்தது என்னவென்று அறியாமலும் தீர்ப்பளிக்க நம் திருச்சட்டம் இடம் தருகிறதா என்று வினவுகிறார். அவர்கள் அக்கேள்விக்கு விடை சொல்லவில்லை. நீரும் கலிலேயரோ என்று அவரை ஏளனம் செய்தனர். திருட்டுத் தடுப்புச் சட்டங்களின் வேகத்தைக் கேள்வி கேட்பவரை, நீரும் திருடருக்குத் துணையோ என்று இன்று ஏளனம் செய்வது இதனின்று வேறன்று.

திருச்சபையும் தன் வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டுள்ளது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பில், செய்தியறியும் உரிமை மனித சமுதாயத்துக்கு உண்டு என்று ஏற்றது. 2002 பிப்ரவரி 22 அன்று சமூகத் தொடர்புப் பணிக்கான திருப்பீட அவை இணையத்தின் அறநெறி பற்றி வெளியிட்ட ஆவணம், தமக்கு ஆகாதது என்பதற்காகச் செய்தியை மக்கள் அடையவிடாமல் தடுக்கும் அரசுகளைக் கண்டித்தது. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலிருந்து இவ்வாவணம் வரை வந்த பாதை நீண்டது. கார்ட்டர் போன்றோரின் குருதியும் அப்பாதையில் சிந்தியிருக்கிறது.

ஆகவே, திருட்டைத் தடுக்கும் சட்டம் ஒன்று நம்முன் வரும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம். குற்றஞ்சாட்டப்பட்டவர் பேசுவதற்கு வாய்ப்பு உண்டா? விரைவு கருதி முதலில் மூடினாலும், சில நாள்களுக்குள் நீதிபதியின் முன் அவர் நிற்க வழி வேண்டும். தடை குற்றத்தின் அளவோடு நிற்கிறதா? ஒரு பக்கத்துக்காக ஒரு நூலகம் மூடப்படலாகாது. பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டா? தண்டத்தொகையில் பாதியைப் பெற்ற பழைய வணிகக் குழுவைப் போல, புகார் செய்வதில் இலாபம் மட்டுமே உள்ளவரின் கையில் பூட்டைக் கொடுத்தால் அது பூட்டிக்கொண்டேயிருக்கும். இம்மூன்றுக்கும் நேரிய விடை தரும் சட்டத்தை நாம் முழு மனத்தோடு ஆதரிக்கலாம், ஆதரிக்கவும் வேண்டும். கலைஞரின் கூலியைத் திருடும் கையை அது பிடிக்கட்டும்.

விடை தராத சட்டமாயின், இன்று அது நமக்கு வேண்டாதவரை வீழ்த்துவதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அரசி மேரியின் அவையிலும் அப்படி மகிழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் எவருக்கும் அன்று வில்லியம் கார்ட்டரின் பெயர் தெரியாது.